கடைசிச் சூடு

தகட்டை உள்ளே தள்ளிவிட்டு இடுக்கியை வெளியே இழுக்கும்போதே சுகந்திக்குத் தெரிந்துவிட்டது, பூச்சு கனத்துவிட்டது. விளிம்பில் மருந்து திரண்டு காய்ந்திருந்தது, சிவப்பு நூல் ஒன்றை ஒட்டிவைத்ததுபோல. மாரப்பன் உலையின் கதவை இறக்கிக் கொக்கியை மாட்டினார். இனி ஒரு மணி நேரம் அதைத் திறக்கக் கூடாது. ஒரு தடவை பூசியதும் பத்து நிமிடம் சூடு காட்டி எடுத்து, ஆறவைத்து, மறுபடி பூசி, மறுபடி உள்ளே வைப்பார்கள். எல்லாப் பூச்சும் முடிந்தபிறகு இந்த நீளச் சூடு. பட்டறையில் இதற்குக் கடைசிச் சூடு என்று பெயர். இதற்கு அப்புறம் செய்வதற்கு ஒன்றும் கிடையாது. பிடித்திருந்தால் பிடித்தது, இல்லாவிட்டால் இல்லை. இப்போதே சொல்லிவிடலாமா, அண்ணா, கதவைத் தூக்குங்க, விளிம்புல கனமா நின்னுருச்சு, எடுத்துப் பார்த்துடறேன் என்று. வாய்வரை வந்தது. ஏன் கனமா நின்னுச்சு என்று கேட்பார். உன் கை என்னைக்கு அம்மிணி கனமா ஓடுச்சு என்பார். அதற்கு ஒரு பதில் வேண்டும். பதில் அவள் வயிற்றில் இருந்தது, இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் கூட. அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. விடியற்காலையிலிருந்து இடுப்பில் ஒரு வலி, வலி என்றுகூடச் சொல்ல முடியாது, யாரோ உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டிருப்பதுபோல. அது இருக்கிறதா, போய்விட்டதா என்று கவனித்துக்கொண்டேதான் காலையிலிருந்து பூசினாள். கவனித்தால் இருந்தது. கவனிக்காவிட்டாலும் இருந்தது.

மருந்து என்பது மருந்து இல்லை. ருத்தேனியம் உப்பும் டைட்டானியம் திரவமும் அமிலமும் பியூட்டனாலும் சேர்ந்த கரைசல், ஆறிப்போன டீ டிகாஷன் நிறத்தில் இருக்கும். அதைப் பிரஷ்ஷால் தொட்டுத் தகட்டில் தடவிச் சூட்டில் வைத்தால் உப்பு எரிந்து, காற்றை வாங்கிக்கொண்டு, கறுப்பாக இறுகிவிடும். உள்ளே சிவப்பாகப் போனது நீலம் ஓடிய கறுப்பாக வெளியே வரும். அந்தக் கறுப்பு இல்லாமல் வெறும் டைட்டானியத் தகட்டை உப்புத் தண்ணீரில் இறக்கி மின்சாரம் கொடுத்தால் கொஞ்ச நேரத்தில் தகடு தனக்குத் தானே ஒரு தோலைப் போர்த்திக்கொண்டு மின்சாரத்தை விடமாட்டேன் என்று உட்கார்ந்துவிடும். கறுப்பு இருந்தால் வருடக்கணக்கில் குளோரின் குமிழி விட்டுக்கொண்டிருக்கும். ஆனால் கறுப்பு பிடிக்க வேண்டும். மெல்லிசாகப் போட வேண்டும். பூசினோமா இல்லையா என்று நமக்கே சந்தேகம் வருகிற மாதிரி போட வேண்டும் என்பது சூப்பர்வைசர் ஷாஜகான் சார் வந்த புதிதில் சொல்லிக்கொடுத்தது. கனமாகப் போட்டால் மேலே காய்ந்து உள்ளே காயாமல், சூட்டில் சுருங்கி, கோடையில் ஏரி வற்றிய இடத்துச் சேறு மாதிரி வெடிக்கும். வெடித்தது உரியும். இதெல்லாம் தெரிந்தவள்தான் இன்று காலையில் கடைசி மூன்று நான்கு பூச்சை இரண்டாக்கிப் போட்டாள். தொட்டு, வழிக்காமல், அப்படியே இழுத்தாள். ஒரு பூச்சு குறைந்தால் ஒரு தடவை குனிவது குறையும். குனியும்போதுதான் ஆவி முகத்தில் அடிக்கிறது, அழுகிய வாழைப்பழத்தோடு பினாயில் ஊற்றியது மாதிரி ஒரு வாடை, அதற்கு அடியில் மூக்கைச் சுண்டுகிற அமிலம். அந்த வாடையை உள்ளே விடக் கூடாது என்பதற்காகத்தான், தள்ளிப்போயிருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து, கம்பெனி கொடுத்த முகமூடிக்கு உள்ளே நனைத்த கைக்குட்டை ஒன்றைக் கட்டிக்கொள்கிறாள். கேட்டவர்களிடம் தூசி சேரவில்லை என்று சொல்லியிருந்தாள்.

"அம்மிணி, அந்தக் கதவையே பார்த்துட்டு நின்னா சீக்கிரம் வெந்துருமா? இட்லிச் சட்டியா இது" என்றார் மாரப்பன். அவர் கையுறைகளைக் கழற்றி ஒன்றோடு ஒன்று அடித்துத் தூசி தட்டினார்.

"இட்லின்னா மூடியைத் தூக்கிப் பார்த்துக்கலாமுங்களே அண்ணா."

"எம் பொண்டாட்டி அப்படித்தான், நாலு தடவை தூக்கிப் பார்ப்பா. அதனாலதான் எங்க வீட்டு இட்லி கல்லு." அவர் சிரித்தார். "நீ உக்காரு. மூஞ்சியில துணிக்கு மேல துணி கட்டிட்டு நிக்கறது, பேங்குக்குக் கொள்ளையடிக்க வந்தவ மாதிரி இருக்குது."

அவள் ஸ்டூலை இழுத்து ஜன்னல் பக்கம் போட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் வலி இடம் மாறியது. இல்லை, இடம் மாறவில்லை, உட்கார்ந்ததால் தெரிகிறது. ஜன்னலுக்கு வெளியே பக்கத்துக் கம்பெனியின் சுவர், அதில் பாதி அழிந்த தேர்தல் சின்னம், அதற்குமேல் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி. மேட்டூருக்குக் கல்யாணமாகி வந்த புதிதில் லோகநாதன் அந்தப் புகைபோக்கியைக் காட்டி, அங்கிருந்து பார்த்தா டேம் பூராவும் தெரியும் புள்ள என்றான். நீங்க ஏறிப் பார்த்தீங்களா என்று கேட்டாள். பார்த்தவன் சொன்னான் என்றான். அவனுக்கு எல்லாமே பார்த்தவன் சொன்னதுதான். இன்று காலை வண்டியில் அவன் முதுகைப் பிடித்துக்கொண்டு வரும்போது, ரயில்வே கேட்டுக்கு முன்னால் இருக்கிற வேகத்தடையில் வண்டி தடதடவென்று ஏறி இறங்கியது. அவளுக்கு உள்ளே ஏதோ ஒன்று இடித்தது. மெதுவா போங்க என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்திருப்பான். போன தடவை அவனிடம் சொல்லியிருந்தாள். அவனிடம் மட்டும். அன்றிலிருந்து அந்த வேகத்தடைக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, இறங்கு புள்ள என்று சொல்லி, வண்டியைத் தள்ளிக்கொண்டு தாண்டி, அப்புறம் ஏற்றிக்கொள்வான். பின்னால் வருகிற லாரிக்காரன் ஹாரன் அடிப்பான். இவன் கையைக் காட்டுவான், பொறு, பொறு என்று, ஏதோ ஊர்வலம் கடப்பதுபோல. பிறகு அது போய்விட்டது. போய், அவள் மறுபடி வேலைக்கு வந்த முதல் நாள், வேகத்தடைக்கு முன்னால் அவன் பழக்கத்தில் பிரேக்கைப் பிடித்துக் காலை ஊன்றினான். அவளும் இறங்குவதற்காகப் பாதி எழுந்துவிட்டாள். ஒரு நொடிதான். அவன் காலை எடுத்துக்கொண்டான், வண்டி ஏறி இறங்கியது. அவன் முதுகு மட்டும் தெரிந்தது. அந்த முதுகை இன்னொரு தடவை பார்க்க அவளால் ஆகாது. அதனால்தான் இந்தத் தடவை அவனிடமும் சொல்லவில்லை. சொல்லாததால் அவன் வேகமாகப் போனான். வேகமாகப் போனதால் இடித்தது. அப்படியானால் அதுவா? வேகத்தடையா? ஆனால் வலி விடியற்காலையிலேயே இருந்தது. இருந்ததா? பல் தேய்க்கும்போது இருந்தது. அப்படியானால் வேகத்தடை இல்லை.

வேகத்தடை இல்லையென்றால் ஆவி. ஆவி இல்லையென்றால் வேறென்ன? போன தடவைக்கும் முந்தின முதல் தடவை ஊருக்கே தெரியும். மாமியார் பாவாயி தெருவில் ஒரு வீடு விடாமல் சொல்லிவிட்டாள், குங்குமப்பூ வாங்கி வைத்தாள். அது போனதும், ஊர்க்கண்ணு, மூணு மாசம் முடியறவரைக்கும் வாயைத் திறந்திருக்கக் கூடாது என்றாள், திறந்தது தான்தான் என்பதை மறந்துவிட்டு. குங்குமப்பூ டப்பாவை இட்லிப்பொடி டப்பாவுக்குப் பின்னால் தள்ளி வைத்தாள். இன்னும் அது அங்கேதான் இருக்கிறது, இட்லிப்பொடிக்குக் கைவிடும்போது விரலில் படும். அப்போது சுகந்தி பூச்சு வேலைக்கு வரவில்லை, பேக்கிங்கில் இருந்தாள். அப்படியானால் ஆவியும் இல்லை. ஆனால் பேக்கிங் மேசை பூச்சு அறைக்கு வெளியே கதவுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. வாடை வரும். அப்படியானால் ஆவிதான். டாக்டரம்மாவிடம் கேட்டாள். இப்படிச் சில சமயம் நடக்கும்மா, இதுக்குன்னு ஒரு காரணம் இருக்காது, உங்க மேல தப்பு ஒண்ணும் இல்ல என்றார். நல்ல டாக்டர், குரலை உயர்த்தாதவர். ஆனால் காரணம் இருக்காது என்பதை அவளால் ஏற்க முடியவில்லை. இத்தனை நாளில் காரணமில்லாமல் ஒரு பூச்சும் உரிந்து அவள் பார்த்ததில்லை. எண்ணெய்க் கை பட்டிருக்கும், அமிலத்தில் சரியாக ஊறியிருக்காது, ஆறுவதற்கு முன் பூசியிருப்பார்கள், மழை நாளில் ஈரம் இறங்கியிருக்கும். தேடினால் ஏதாவது ஒன்று கிடைத்துவிடும். கிடைக்காதவரை ஷாஜகான் சார் தூங்கமாட்டார். அவரிடம் போன வாரம், எங்கோ பார்த்துக்கொண்டு கேட்பதுபோல, இந்த ஆவி உடம்புக்கு ஏதாச்சும் செய்யுங்களா சார் என்று கேட்டாள். அதெல்லாம் அளவுக்குள்ளதாம்மா இருக்கு, எக்ஸாஸ்ட் ஓடுதில்ல என்றார். பிறகு ஒரு கணம் நின்று, ஏம்மா, ஏதாச்சும் பண்ணுதா என்றார். அந்த ஒரு கணம் போதுமாயிருந்தது. இல்லீங் சார், சும்மாதான் என்றாள்.

முன்னால் இதே மேசையில் பூசிக்கொண்டிருந்த ரேணுகா, உண்டானதைச் சொன்னாள். ரேணுகாவுக்கு அவளைவிட நல்ல கை, பிரஷ்ஷைப் பிடித்தால் தகட்டில் படுகிறதா என்றே தெரியாது. மூன்றாம் மாதத்தில் சொன்னாள், உடனே மாற்றிப் பேக்கிங்குக்கு அனுப்பினார்கள், நல்லபடியாகத்தான் அனுப்பினார்கள். பேக்கிங்கில் ஆள் அதிகம் என்று அப்புறம் வீட்டில் இருக்கச் சொன்னார்கள், பிறந்ததும் வா என்று. பிறந்து, அந்தப் பையன் பள்ளிக்கூடம் போகிறான். வாரச்சந்தையில் பார்த்தபோது ரேணுகா அவளுடைய விரல்களைப் பிடித்துப் பார்த்தாள், நகக்கண்ணில் இருக்கிற கறுப்பை. இன்னும் நீதான் போடறியா என்றாள். குரலில் என்ன இருந்தது என்று சுகந்திக்கு இன்றுவரை தெரியாது. பையன் ஐஸ் கேட்டு அவள் முந்தானையை இழுத்துக்கொண்டிருந்தான். ரேணுகா விட்டுக்கொடுத்த வேலைக்குப் பதிலாக ரேணுகாவுக்கு ஒரு பையன் கிடைத்தான். தானும் சொல்லியிருந்தால்? சொல்லி, மாற்றி, வெளியே அனுப்பி, அதற்கப்புறமும் தங்காமல் போயிருந்தால்? வேலையும் இல்லாமல் அதுவும் இல்லாமல் பாவாயியோடு பகல் பூராவும் அந்த வீட்டில், இட்லிப்பொடி டப்பாவுக்கு எதிரில். மூன்று மாதம் முடியட்டும் என்று நினைத்தாள். முடிந்ததும் முதலில் லோகுவிடம், அப்புறம் ஷாஜகான் சாரிடம். அதுவரைக்கும் கைக்குட்டை. அதுவரைக்கும், தொட்டதும் பாட்டிலின் மூடியைக் கட்டை விரலால் அமுக்கிக்கொள்வது, மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு இழுப்பு, முகத்தைத் திருப்பி மூச்சு விட்டு இன்னொரு இழுப்பு. அப்படிப் பூசினால் கோடு விழும், ஆனாலும் விழாமல் பூசினாள். இன்று காலையில்தான் முடியவில்லை. வலியோடு குனிந்து மூச்சை அடக்க முடியவில்லை. அதனால்தான் இரண்டை ஒன்றாக. சீக்கிரம் முடிக்கலாம் என்றுதான். காப்பாற்றத்தான்.

எக்ஸாஸ்ட் விசிறி கரகரத்து நின்றது. மாரப்பன் எழுந்து போய்ப் பெட்டியின் பக்கவாட்டில் ஒரு குத்து விட்டார். அது மறுபடி சுற்ற ஆரம்பித்தது. "எம் மச்சான் மாதிரி இது, குத்தினாத்தான் எந்திரிக்கும்" என்றார். சுகந்தி சிரித்ததுபோல் தலையை ஆட்டினாள். சிரித்தால் வயிறு அசையும். கழிப்பறைக்குப் போக வேண்டும்போல் இருந்தது. காலையிலிருந்து போகவில்லை. வீட்டிலிருந்து கிளம்பும்போது போனது, அப்போது ஒன்றும் இல்லை. ஒரு சின்ன, பழுப்பு, அது ஒன்றும் இல்லை, சிலருக்கு அப்படி இருக்கும் என்று எங்கோ படித்திருக்கிறாள். போய்ப் பார்க்காதவரைக்கும் ஒன்றும் இல்லை. உலைக்குள் இருக்கிற தகடும் அப்படித்தான், கதவைத் தூக்காதவரைக்கும் அது நல்ல தகடு, விளிம்பில் நின்ற கனம்கூடச் சூட்டில் அடங்கியிருக்கலாம். இரண்டு கதவுகள். சூடு முடியட்டும், அப்புறம் போகலாம். அவள் கால்களைச் சேர்த்துவைத்துக்கொண்டாள். உலையின் உள்ளே கம்பிச்சுருள் விட்டுவிட்டுச் சூடாகும் மெல்லிய டிக் ஒலி. ஒரு டிக்கிற்கும் அடுத்த டிக்கிற்கும் நடுவில் அவள் எதையோ வேண்டிக்கொண்டிருந்தாள். யாரிடம் என்று பெயர் வரவில்லை. குலதெய்வத்தின் முகத்தை நினைக்கப்போனால் வேகத்தடைக்கு முன்னால் கையைக் காட்டி லாரியை நிறுத்துகிற லோகுவின் கை வந்தது. பொறு, பொறு. அப்போது இடுப்பை அழுத்திக்கொண்டிருந்த உள்ளங்கை மூடிக்கொண்டு முறுக்கியது. முறுக்கி, விட்டது. விட்டதும் ஒரு வெதுவெதுப்பு. அவளுக்கு அந்த வெதுவெதுப்பு தெரியும். இரண்டு தடவை தெரியும்.

"இதோ வந்துடறேங்கண்ணா" என்றாள்.

"போய்ட்டு வா, இது எங்கயும் ஓடாது."

கழிப்பறையில் தாழ்ப்பாள் சரியாக விழாது, ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவள் ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பார்த்தாள். அதே நிறம், அதே கட்டி. அவசரமில்லாமல் வந்தது. இதற்குமேல் கவனிப்பதற்கு ஒன்றும் இல்லை. இன்று சாயங்காலம் நாலு மணிக்கு டாக்டரம்மாவைப் பார்க்க வேண்டும் என்று காலையில் நினைத்திருந்தாள், தனியாக, பஸ்ஸில். இப்போதும் போகத்தான் வேண்டும், ஆனால் ஓட வேண்டியதில்லை. பையில் பழைய பழக்கத்தில் வைத்திருந்த பஞ்சு இருந்தது. அதை எடுத்து வைத்துக்கொள்ளும்போது, பை எங்கே இருந்தது, எப்போது கையில் எடுத்தேன் என்று தோன்றியது. எழுந்தபோதே எடுத்திருக்கிறாள். எழுந்தபோதே தெரிந்திருக்கிறது. குழாயைத் திறந்தாள். தண்ணீர் முதலில் துருநிறத்தில் வந்து, பிறகு தெளிந்தது. வாளி நிரம்பும்வரை அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு பெயர்கூட யோசிக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. முதல் தடவை பாவாயி இரண்டு பெயர் சொன்னாள், ஆணுக்கொன்று பெண்ணுக்கொன்று. இரண்டாவதற்கு லோகு ஒன்று சொன்னான். இதற்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இது இருந்தது என்றுகூட இனி யாருக்கும் தெரியாது. அவள் சொன்னால்தான். சொல்வதென்றால் எப்படி ஆரம்பிப்பது? இருந்தது என்று சொல்லிவிட்டு உடனே இல்லை என்று சொல்ல வேண்டும். ஒரே வாக்கியத்தில் இரண்டையும் ஒரு மனிதன் எப்படிக் கேட்டுக்கொள்வான்? வாளி நிரம்பி வழிந்து அவள் பாதத்தை நனைத்தது.

திரும்பி வந்தபோது நேரம் முடிந்திருந்தது. மாரப்பன் கொக்கியைத் தட்டிக் கதவைத் தூக்கினார். சூடு ஒரு ஆள் மாதிரி வெளியே வந்தது. தகட்டை எடுத்துச் செங்கல் மேல் வைத்தார். கறுப்பு, நீலம் ஓடிய கறுப்பு, தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு குறையும் இல்லை. ஆறுவதற்காக நின்றார்கள். மாரப்பன் மச்சான் கதையைத் தொடர்ந்தார், நிலத்தகராறு, அளப்பதற்கு வந்தவனையே சாராயம் வாங்கிக் கொடுத்துக் கவிழ்த்தது. அவள் உம் கொட்டினாள். சரியான இடங்களில் கொட்டினாள். ஷாஜகான் சார் வந்து புறங்கையைத் தகட்டின் அருகே கொண்டுபோய்ச் சூட்டைப் பார்த்துவிட்டு, டேப் போட்டுடலாம்மா என்றார். அவள் டேப்பைக் கிழித்துத் தகட்டின் நடுவில் ஒட்டி நகத்தால் தேய்த்து இழுத்தாள். டேப் வெறுமையாக வந்தது. அவர் தலையாட்டினார். அவள் இன்னொரு துண்டு கிழித்து, யாரும் சொல்லாமல், விளிம்பில் ஒட்டினாள். தேய்த்தாள். இழுத்தாள். கறுப்பு பூராவும் டேப்போடு வந்துவிட்டது, சின்னச் சின்னச் சில்லுகளாக, வெடித்த சேற்றின் கட்டம் கட்டமாக. அடியில் சாம்பல்நிறத் தகடு, ஒன்றுமே நடக்காததுபோல.

"அட" என்றார் மாரப்பன். "இது நம்ம அம்மிணி கைதானா?"

ஷாஜகான் சார் டேப்பை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கனமாப் போட்டிருக்கீங்க. அவசரமா?" என்றார்.

"ஆமாங் சார். அவசரப்பட்டுட்டேன்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். முகமூடிக்கு மேலே கண்கள்தான் தெரியும். கோபப்படுகிற மனிதர் இல்லை அவர். "சரி விடுங்க" என்றார். "மருந்துதான் போச்சு. தகடு கெட்டுப் போகலை. உரிச்சு, மறுபடி அமிலத்துல போட்டு எடுத்தா புதுசு மாதிரிதான். எத்தனை தடவை வேணும்னாலும் போடலாம் அதுல."

"சரிங் சார்."

"அடுத்த தகடு ரெடியா இருக்கு. அதை ஆரம்பிச்சிடுங்க. மெதுவாவே பண்ணுங்க, ஒண்ணும் அவசரமில்ல." அவர் போய்விட்டார். மாரப்பன் கெட்ட தகட்டை இடுக்கியால் தூக்கி மூலையில் சாய்த்து வைத்துவிட்டு, உலையின் சூட்டைக் குறைக்கப் போனார், மச்சானைப் பற்றி இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டே. அடுத்த தகடு மேசையில் துணிமேல் கிடந்தது, அமிலத்தில் ஊறி எழுந்த சாம்பல் நிறத்தில், பளபளப்பில்லாமல். சுகந்தி மேசைக்கு முன்னால் நின்றாள். எத்தனை தடவை வேண்டுமானாலும். அவள் அதை மறுபடி ஒரு தடவை மனதில் சொல்லிப் பார்த்தாள், அது ஷாஜகான் சாரின் குரலிலேயே வந்தது, நல்ல குரலில். நாலு மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. முகமூடியைக் கழுத்துக்கு இறக்கினாள். உள்ளே கட்டியிருந்த கைக்குட்டையின் முடிச்சை அவிழ்த்தாள், அது பாதி காய்ந்திருந்தது. மடித்துப் பையில் வைத்தாள். முகமூடியை மட்டும் மேலே ஏற்றிக்கொண்டு, பாட்டிலின் மூடியைத் திறந்து மேசையில் வைத்துவிட்டு, குனிந்தாள்.